வடை மணக்கும் புகை

அத்தியாயம் ஏழு

பாகூர்ச் சாவடியின் தலைமைக் காவலர் செல்லக்கண்ணுவுக்குப் பிரெஞ்சுச் சர்க்கார் பிரிகதியே என்னும் பதவியையும் சிவப்புத் தொப்பி ஒன்றையும் வழங்கியிருந்தது. தருக்க அறிவை மட்டும் அவர் தாமாகவே தேடிக்கொண்டார். முந்தின நாள் அவர் அளித்த தீர்ப்பே அதற்குச் சான்று.

"காணாம போன பம்பு கெடைக்கிற வரைக்கும், கெடைச்ச பம்புதான் காணாம போன பம்பு."

வழக்கு எளியது. பாகூரில் நிலமும் செல்வாக்கும் உடைய சிவப்பிரகாசம், தம் கொட்டகையில் நிற்கும் காரிலிருந்து பெட்ரோல் பம்பு களவு போனதாகப் புகார் கொடுத்திருந்தார். யுத்தத்தில் பெட்ரோல் கண்ணில் படாத பொருளாகிவிட்டதால், அந்தக் கார் மூன்று ஆண்டுகளாக ஓர் அடியும் நகரவில்லை. நகராத காருக்குப் பம்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சொத்து என்பது வைத்திருப்பதற்காகவே அன்றிப் பயன்படுத்துவதற்காக அன்று என்பதைப் பாகூர் நன்கு அறியும்.

புகார் சுட்டிய ஆள் வில்லியனூர் மெக்கானிக் மரியதாஸ். அவர் இப்போது சாவடியில் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார். பழைய வண்டிகளின் உறுப்புகளைக் கொண்டு, எஞ்சினுக்கு எண்ணெய் ஏற்ற அவர் அமைத்த பம்பு ஒன்று, தையலம்மாள் என்னும் விதவையின் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிச் சிவப்பிரகாசத்திடம் ஒப்படைப்பதற்காக, இன்று பொழுது சாயும் வேளையில் பிரிகதியே வருவார். பம்பு போனால் தையலம்மாளின் எஞ்சின் நிற்கும். எஞ்சின் நின்றால் கிணற்றுத் தண்ணீர் மேலே வராது. நவரை நெல் பால் பிடிக்கும் பருவத்தில் இருந்தது. இந்த வாரம் தண்ணீர் இல்லையென்றால் அறுப்பதற்குப் பதர்தான் மிஞ்சும்.

ஆகவே வில்லியனூர்த் துப்பறிவாளர் ஆதிமூலத்தைத் தையலம்மாள் அழைத்திருந்தாள். அவரும் காலையிலேயே மிதிவண்டியில் புறப்பட்டுவிட்டார். மிதித்தவன் உதவியாளன் அல்போன்ஸ். முப்பத்தைந்து வயதாகியும் கால் ஓய்ந்தால்கூட வாய் ஓயாத மனிதன். ரப்பரும் யுத்தத்திற்குப் போய்விட்டதால், டயர்களுக்குள் காற்றுக்குப் பதிலாகத் தென்னங்கயிறு திணிக்கப்பட்டிருந்தது. பின்னால் அமர்ந்து குடை பிடித்துவந்த ஆதிமூலம், புதுச்சேரி நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். பிறர் சொன்ன பொய்களை அழகிய கையெழுத்தில் பதிவு செய்து, அதில் அலுப்புத் தட்டி விலகியவர்.

"ஐயா, கொடய மடிங்க. காத்து எதிர்ல அடிக்குது. ஒங்க ஒருத்தரத்தான் இழுக்கிறேன்னு நெனச்சேன். வங்காள விரிகுடாவையும் சேத்து இழுத்துகினு வரேன்."

"குடை இல்லைன்னா வெயில்ல மூளை உருகிடும், அல்போன்ஸ்."

"உருகினா நல்லதுதான. எஞ்சினுக்கு ஊத்தலாம். எண்ணெ தட்டுப்பாடு."

ஆதிமூலம் குடையை மடிக்கவில்லை. ஏதேனும் ஒன்று புரிந்தால் ஒழிய அவர் குடையை மடிப்பதில்லை. அந்த வகையில் அது பெரும்பாலும் விரிந்தே இருந்தது.

*

தையலம்மாளின் கிணற்றடியில் எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. குருடாயில் என்று ஊரார் சொல்லும் கரிய எண்ணெயைக் குடிக்கப் பிறந்த எஞ்சின் அது. யுத்தத்தில் குருடாயில் வாங்கப் பர்மிட்டு வேண்டும். பர்மிட்டு வாங்கக் கொம்யூன் என்னும் ஊராட்சி அலுவலகத்தில் செல்வாக்கு வேண்டும். தையலம்மாளிடம் இருந்தவை கொஞ்சம் நிலமும், கணவர் விட்டுச் சென்ற எஞ்சினும், வளையப் பழகாத கழுத்துமே. எனவே அவள் எஞ்சின், வடை சுட்டு மிஞ்சிய மல்லாட்டை எண்ணெயில், அதாவது கடலெண்ணெயில், ஓடியது.

"எண்ணெய சொம்பால மொண்டு ஊத்தினா ஆவாதாக்கா? அதுக்கு ஒரு பம்பா?" என்றான் அல்போன்ஸ்.

"ஊத்திப் பாத்தோம் தம்பி. அடில மாவு, மொளகா, கருவேப்பில எல்லாம் கெடக்குது. மொண்டா கலங்குது. எஞ்சினு ரெண்டு இருமு இருமிட்டு நின்னுடும். மரியதாசுதான் வழி பண்ணாரு. பீப்பாய பாதி மண்ணுல பொதச்சி, பக்கத்துலயே பொகக் கொழாய விட்டாரு. அந்தச் சூட்டுல எண்ணெ எளகும். இது கடலூர்ல ஒடஞ்சி கெடந்த லாரியோட பம்பு. உள்ள ரெண்டு பல்சக்கரம் ஒண்ண ஒண்ணு கடிச்சிகினு சுத்தும். எண்ணெ எவ்ளோ கெட்டியா இருந்தாலும் மேல தள்ளிடும்."

"இது காரோட வெளக்கு மாதிரி இருக்கே."

"வெளக்கோட கூடுதான். உள்ள எங்க வூட்டுக்காரரோட வேட்டிய நாலா மடிச்சிக் கட்டியிருக்கு. எண்ணெய வடிகட்ட. அவரு இடுப்புல இருந்தப்போ அந்த வேட்டி இவ்ளோ வேல செஞ்சதில்ல."

ஆதிமூலம் குனிந்து பம்பைப் பார்த்தார். காரின் பெட்ரோல் பம்புக்குள் பல்சக்கரம் கிடையாது. மேலும் கீழும் அசையும் மெல்லிய சவ்வு ஒன்றுதான் இருக்கும். இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை, முந்தின நாள் சாவடியில் மரியதாஸிடம் கேட்டறிந்து, பிரிகதியேவுக்கு அவர் பொறுமையாக விளக்கியிருந்தார். பிரிகதியேவும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டும் பம்பா இல்லியா?" என்று மட்டும் வினவினார். கடலூரில் வாங்கியதற்கு ரசீது உண்டா என்றும் கேட்டார். பழைய இரும்புக் கடைக்காரர் ரசீது தரும் நாடு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

புகைபோக்கிக்கு எதிரே ஊர் நாய்கள் வரிசையாக அமர்ந்து மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தன. முதல் வரிசையில் ஒற்றைக் காது உடைய செவலை ஒன்று தலைமை வகித்தது.

"இதுங்களுக்கு வடை போடறீங்களாக்கா?"

"நான் எங்க போடறது. பொகையில வடை வாசன வருதுல்ல, என்னிக்காவது ஒண்ணு வந்து விழும்னு ஒக்காந்துகினு இருக்குதுங்க. என் எஞ்சினு நின்னுச்சின்னா எழுந்து மேற்கால ஓடிடும். நான் போட்டா திரும்பி வரும்."

"மேற்கே என்ன இருக்கு?" என்றார் ஆதிமூலம்.

"அந்த ஆளோட எஞ்சினு கொட்டா. சிவப்பிரகாசத்தோடது."

ஆதிமூலம் குடையைப் பாதி மடித்தார். பிறகு ஏதோ நினைத்து மீண்டும் விரித்தார்.

தையலம்மாள் வயலைப் பார்த்தபடி பேசினாள். "இத பறிச்சிகினு போனா, நான் அந்தாளுகிட்ட போயி தண்ணி கேட்டு நிக்கணும். அதுக்கு நெல்லு காஞ்சே போவட்டும்னு சொல்ல வாய் வருது. கதிரப் பாத்தா சொல்ல முடியல ஐயா."

*

சிவப்பிரகாசம் தம்மைப் பிரெஞ்சு மரியாதையோடு முசே என்று அழைப்பதை விரும்பினார். கொம்யூன் அலுவலகத்தில் அவ்வாறே அழைத்தார்கள். வயலில் மட்டும் எவரும் அழைக்கவில்லை. அது வயலின் குறை என்பது அவர் கருத்து.

"வாங்க முசே ஆதிமூலம். பம்புதான் கெடைச்சிடுச்சே. இன்னும் என்ன துப்பு?"

"கெடைச்சது எதுன்னு தெரிஞ்சிக்கத்தான் வந்தேன், முசே."

கொட்டகையில் கார், கல்யாணப் பெண் போலப் பட்டுத்துணி போர்த்தி நின்றது. ஓட்டுநர் பக்கிரி துணியை நீக்கினார். ஓடாத காருக்கு ஓட்டுநர் எதற்கு என்றால், துணியை நீக்குவதற்கும் மீண்டும் போர்த்துவதற்கும்தான். நெற்றி நிறைய நீறும், இடுப்பில் சாவிக்கொத்தும், முகத்தில் பணிவும் உடைய மனிதர் அவர்.

காரின் உடம்பெல்லாம் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. விளக்கில், ஊதலில், சக்கரத்தில், சக்கரத்தின் ஒவ்வொரு திருகாணியிலும் பொட்டு.

"அண்ணே, அம்மனுக்குக்கூட இத்தன பொட்டு வெக்க மாட்டாங்க," என்றான் அல்போன்ஸ்.

"ஆயுத பூசைன்னா ஒரு ஆணி தப்பக் கூடாதுப்பா. வருசத்துல அந்த ஒரு நாளுதான். காரு ஓடுதோ இல்லியோ, பூச நிக்காது," என்றார் பக்கிரி. பணிவின் இடையே அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவர் முதுகு நிமிர்ந்தது.

"மாசி மகத்துக்கு முந்தின நாள் நானே பானெட்டைத் தெறந்து பாத்தேன்," என்றார் சிவப்பிரகாசம். "பம்பு இருந்துது. கடற்கரைக்குத் தீர்த்தவாரி பாக்கப் போயிட்டு வந்து பாத்தா, இல்ல. அந்த மரியதாஸ் பொங்கலுக்கு அப்பறந்தான காரைக்கால்லேருந்து வந்தான்? அவன் வந்தான், பம்பு போச்சு. இதுக்கு ஒரு துப்பறிவாளர் வேற."

பக்கிரி பானெட்டைத் தூக்கினார். எஞ்சினின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு இழைத்த தட்டையான இரும்பும், அதன் நடுவே ஒரு பொந்தும், இருபுறமும் திருகாணித் துளைகளும் தெரிந்தன. பம்பு பொருந்தியிருந்த இடம் அது. ஆதிமூலம் அதன் விளிம்பை விரலால் தடவினார். விரல் நுனியைப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்தார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"என்ன முசே?"

"தூசி. நல்ல நிறமான தூசி."

கொட்டகைக்கு வெளியே வந்ததும் அவர் குடையை முழுவதும் மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அல்போன்ஸ் வானத்தைப் பார்த்தான். வெயில் சற்றும் குறையவில்லை.

"புரிஞ்சிடுச்சா ஐயா?"

"பாதி. களவு போன இடத்துல எதாவது கொறையணும். இங்க ஒண்ணு கூடுதலா இருக்கு. மீதிப் பாதிக்கு வடை திங்கணும்."

"இந்தத் தொழில்ல எனக்குப் புடிச்ச பகுதி இதுதான்," என்றான் அல்போன்ஸ்.

*

ஏரிக்கரைச் சாலையில் கலியம்மாளின் வடைக்கடை இருந்தது. தட்டில் இருந்த வடையை அல்போன்ஸ் எடுத்துத் தின்னத் தொடங்கினான். சான்றுகளைச் சோதிப்பதாகக் கூறினான். சோதனை நீடித்தது.

"சுட்ட எண்ணெயா?" கலியம்மாள் கரண்டியால் நெற்றியைச் சொறிந்தாள். "முன்னெல்லாம் ஓடையில ஊத்துவேன். இப்ப வடைய வுட அதுக்குத்தான் கிராக்கி. தையலம்மா பொங்கலுக்கு அப்பறம் வந்து கேட்டுது, குடுக்கிறேன்."

"அதுக்கு முன்னாடி யாரும் கேக்கலியா?" என்றார் ஆதிமூலம்.

"பக்கிரி கேட்டாரே. போன ஆடிலேருந்து அவருதான் வாங்கிகினு போறாரு. மாட்டு வண்டி அச்சுக்குப் பூசறதுக்காம்."

"எவ்வளவு வாங்குவார்?"

"கொடங் கொடமா."

அல்போன்ஸ் சோதனையை நிறுத்தினான். "அவ்ளோ எண்ணெயில அச்சு இல்லக்கா, மாட்டையே குளிப்பாட்டலாம்."

"நானும் அதத்தான் கேட்டேன். மொதலாளிக்கு நெறைய வண்டின்னாரு. அந்த மொதலாளிக்கு இருக்கறது ஒரு வண்டி. அதுவும் சக்கரம் இல்லாம குப்பமேட்டுல கெடக்குது. எனக்கு இன்னா வந்துது, குடுத்தேன். தையலம்மா வந்ததுலேருந்து ஆளுக்குப் பாதி. அன்னியிலேருந்து பக்கிரி என்னப் பாத்து சிரிக்கிறதில்ல."

ஆதிமூலம் எழுந்து நடந்தார். அல்போன்ஸ் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்தொடர்ந்தான். வாய் நிறைந்திருந்ததால் சிறிது தூரம் உலகம் அமைதியாக இருந்தது.

சிவப்பிரகாசத்தின் எஞ்சின் கொட்டகை செங்கல் சுவரும் பெரிய பூட்டும் கொண்டது. உள்ளே எஞ்சின் ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்காகச் சொல்வது. நான்கு முறை துடித்து, ஒரு முறை இருமி, யோசித்து, மீண்டும் துடித்தது. சுவரின் துளை வழியாகப் புகைபோக்கி வெளியே நீண்டிருந்தது. அதற்கு எதிரே நாய்கள் வரிசையாக அமர்ந்து மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தன. முதல் வரிசையில் ஒற்றைக் காதுச் செவலை.

"தையலம்மா எஞ்சின நிறுத்திட்டாங்க போல. நம்ம ஆளுங்க இங்க வந்துட்டாங்க," என்றான் அல்போன்ஸ். "ஐயா, சர்க்கார் குருடாயில்ல ஓடற எஞ்சினுகிட்ட நாய்க்கு இன்னா வேல?"

ஆதிமூலம் மூச்சை இழுத்தார். மல்லாட்டை எண்ணெயும் கருகிய கருவேப்பிலையும் கலந்த மணம் மூக்கில் ஏறியது.

அப்போது எஞ்சின் நீளமாக ஒரு முறை இருமி நின்றது. எங்கிருந்தோ பக்கிரி ஓடிவந்தார். இடுப்புச் சாவியை எடுத்தார், இவர்களைக் கண்டார், சாவியை மறைத்தார்.

"இங்க இன்னா? பர்மிட்டு சரக்கு இருக்கற எடம். வெளியாளு நிக்கக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவு."

இருவரும் நகர்ந்தார்கள். கதவு திறந்து மூடிய ஓசையும், எதையோ தட்டித் தட்டிச் சுத்தம் செய்யும் ஓசையும் கேட்டன. பிறகு எஞ்சின் தன் இருமலைத் தொடர்ந்தது.

"பூட்ட ஒடச்சிடலாமா?"

"ஒடைச்சா நாமதான் திருடங்க. பிரிகதியே தொறக்கச் சொல்லணும். சொல்ல மாட்டார். முசேகிட்ட அவருக்கு அவ்வளவு மரியாதை."

"வாசனயே போதாதா? ஊர் நாயி எல்லாம் சாட்சி."

"நீதிமன்றத்துல எத்தனையோ சாட்சியம் எழுதியிருக்கேன். மூக்கு சொன்னதா ஒண்ணுகூட எழுதினதில்லை." ஆதிமூலம் குடையால் மண்ணைக் கீறினார். "பக்கிரி எப்படிப்பட்ட ஆளு?"

"மொதலாளிக்காக எந்தப் பொய்யும் சொல்லுவாரு. வண்டி அச்சுக்குன்னு ஆடிலேருந்து சொல்லிகினு இருக்காரே."

"எந்தப் பொய்யும் சொல்லுவார். ஒண்ணே ஒண்ணைத் தவிர. அதை நீதான் கேக்கணும். எப்பவும் போல மரியாதை இல்லாமக் கேளு."

*

பொழுது சாய்ந்தபோது பிரிகதியே செல்லக்கண்ணு இரண்டு சிப்பாய்களோடும் ஒரு திருப்புளியோடும் வந்து சேர்ந்தார். நேராகத் தையலம்மாளின் கிணற்றடிக்குச் செல்வதாக இருந்தவரை ஆதிமூலம் வழிமறித்தார். பம்பைப் பறிமுதல் செய்வதற்கு முன், காரில் பம்பு இல்லை என்பதை நேரில் பார்த்துப் பதிவு செய்தால் பதிவு முழுமை பெறும் என்றார். முழுமை என்னும் சொல் பிரிகதியேவுக்குப் பிடித்திருந்தது. அனைவரும் கார்க் கொட்டகையில் கூடினார்கள். தையலம்மாள் வாசலில், உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றாள்.

"சீக்கிரம் ஆகட்டும், முசே," என்றார் சிவப்பிரகாசம். "இருட்டறதுக்குள்ள பம்பு என் கைக்கு வரணும்."

பக்கிரி பானெட்டைத் தூக்கினார். பிரிகதியே இல்லாத பம்பைப் பார்த்து, இல்லை என்று எழுதத் தொடங்கினார்.

"பக்கிரி அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? கோச்சிக்காதீங்க," என்றான் அல்போன்ஸ். "நான் வேதக்காரன். எனக்கு ஒங்க பூச தெரியாது. ஆனா போன ஆயுத பூசையில நீங்க ஒரு எடத்த வுட்டுட்டீங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

"எந்த எடத்த?"

"பம்ப. எல்லாத்துக்கும் பொட்டு வெச்சீங்க, அதுக்கு மட்டும் மறந்துட்டீங்களாம். அதனாலதான் சாமி கோச்சிகினு பம்பு திருட்டு போச்சாம். வயசாவுதில்ல, மறதி வரத்தான் செய்யும். நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல."

பக்கிரியின் முகத்திலிருந்து பணிவு முழுவதும் இறங்கியது.

"எவன் சொன்னான்? யாருக்கு மறதி? இங்க வா. கிட்ட வந்து தொட்டுப் பாரு. வெச்சிருக்கனா இல்லியா? இந்த எடத்துக்கு ஒண்ணு, கழட்டி வெச்ச பம்புக்கு ஒண்ணு, ரெண்டு எடத்துலயும் வெச்சேன். என் பூசையில கொற சொல்ற ஆளு இனிமேதான் பொறக்கணும்."

கொட்டகையில் பிரிகதியேவின் பேனா ஓசை நின்றது.

அந்த இழைத்த இரும்பின் விளிம்பில், பொந்துக்குச் சற்று மேலே, காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் எல்லோருக்கும் தெரிந்தன. பம்பு அங்கே பொருந்தியிருந்தால் அந்த இடத்தை மனித விரல் தொட்டிருக்கவே முடியாது.

"ஆயுத பூசை புரட்டாசியில வந்துது," என்றார் ஆதிமூலம். "அப்பவே இந்த எடம் வெறுமையா இருந்திருக்கு. மரியதாஸ் அப்போ காரைக்கால்ல. முசே மாசி மகத்துக்கு முந்தின நாள் பாத்ததா எழுதிக் குடுத்த பம்பு எதுன்னு எனக்கு விளங்கலை."

சிவப்பிரகாசம் சிரித்தார். "பக்கிரிக்கு நாள் கொழம்பிப் போச்சு. பம்பு திருட்டு போனப்பறம் எப்பவோ வெச்சிருப்பான். இல்லியா பக்கிரி? ஆயுத பூசையில வெக்கல, இல்ல?"

கேள்வி எளியது. வேண்டிய விடையும் அதிலேயே இருந்தது. பக்கிரி முதலாளியைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். குழம்பிய நாள்கள், வண்டி அச்சு, மாசி மகம் ஆகிய அனைத்துக்கும் அவர் முன்பு தலையாட்டியிருந்தார். இதற்கும் தலையாட்டினால், ஆயுத பூசையில் அவர் குறை வைத்தவர் ஆவார். ஆட்டாவிட்டால் நாளை இந்தச் சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருக்காது.

"வெச்சேன் மொதலாளி," என்றார் மெல்ல. "ஆயுத பூசைக்குத்தான் வெச்சேன்."

அப்போது மேற்கே எஞ்சின் ஒரு முறை நீளமாக இருமி நின்றது கேட்டது. பக்கிரியின் கை பழக்கத்தால் இடுப்புச் சாவிக்குப் போனது.

"அந்தச் சாவிய இப்படிக் குடு," என்றார் பிரிகதியே.

"அங்க சர்க்கார் பர்மிட்டுச் சரக்கு இருக்கு முசே," என்றார் சிவப்பிரகாசம்.

"இருக்கட்டும் முசே. இந்தப் புகார்ல என் கையெழுத்தும் இருக்கு."

நீதியின் மேல் செல்லக்கண்ணுவுக்குப் பெரிய பற்று இருந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் தம் கையெழுத்தின் மேல் அவருக்கு இருந்த பற்று அளவற்றது.

*

எஞ்சின் கொட்டகையின் கதவு திறந்தபோது முதலில் வெளியே வந்தது வாசனை. நாய்கள் எழுந்து நின்று வாலை ஆட்டின.

உள்ளே ஒரு பீப்பாய் நிறைய வடை எண்ணெய் இருந்தது. மரச்சட்டம் ஒன்றில் கம்பியால் கட்டப்பட்டு, சிறிய பம்பு ஒன்று இருந்தது. காரின் பெட்ரோல் பம்புதான். அதன் தலையில் சந்தனமும் குங்குமமும், எண்ணெயில் ஊறி, மங்கலாக இருந்தன. ஆதிமூலம் அதன் மூடியைத் திருகினார். உள்ளிருந்த வலையில் கருவேப்பிலையும் மாவும் அடைத்துக்கொண்டிருந்தன.

"தண்ணி மாதிரி இருக்கற பெட்ரோலுக்காகச் செஞ்ச பம்பு இது," என்றார் அவர். "இந்தக் கெட்டி எண்ணெயைக் குடுத்தா நாளெல்லாம் விக்கும். பக்கத்து வயல்ல மரியதாஸோட பல்சக்கரப் பம்பு விக்காம ஓடுது. அது வேணும். கேட்டு வாங்க மனசு வரலை. அதனால என் பம்பைக் காணோம்னு ஒரு புகார். சர்க்காரே அதைக் கழட்டி, தூக்கி வந்து, வீட்டுல குடுத்துட்டுப் போகும். சுமை கூலிகூட இல்ல."

"கேட்டிருந்தா மரியதாச அனுப்பி உங்களுக்கும் ஒண்ணு செஞ்சி குடுக்கச் சொல்லியிருப்பேனே," என்றாள் தையலம்மாள்.

"உன்கிட்டயா?" என்றார் சிவப்பிரகாசம்.

அன்றைய தினத்தில் அவர் பேசிய ஒரே உண்மை அதுதான்.

பிரிகதியே கொட்டகையை ஒரு முறை சுற்றி வந்தார். தேடியது கிடைக்காததால் இன்னொரு முறையும் சுற்றினார். "முசே, சர்க்கார் ஒங்களுக்குக் குடுத்த குருடாயில் எங்க? ஒரு டின்னுகூடக் காணோமே."

சிவப்பிரகாசம் தம் கோட்டின் பொத்தான்களைச் சரிபார்த்தார். அவை அனைத்தும் இருந்தன.

"கடலூர்ப் பக்கம் காத்து வாங்கப் போயிருக்கும், நல்ல வெலைக்கு," என்றான் அல்போன்ஸ்.

செல்லக்கண்ணு தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, மீண்டும் அணிந்தார். களவு போன பொருளை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. களவாடியவரைக் கைது செய்ய வேண்டும் என்பதும் விதி. இரண்டு விதிகளும் ஒரே மனிதரைச் சுட்டிக்காட்டி நின்றன. நெடிய சிந்தனைக்குப் பின் அவர் பெட்ரோல் பம்பைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சான்றாகப் பையில் போட்டுக்கொண்டார். மரியதாஸை விடுவிக்கச் சொல்லி ஒரு சிப்பாயைச் சாவடிக்கு முன்னே அனுப்பினார். பிறகு மிகுந்த மரியாதையோடு சிவப்பிரகாசத்தைத் தம்முடன் வரும்படி அழைத்தார்.

"நடந்தா?" என்றார் சிவப்பிரகாசம்.

"ஐயா, காரு இருக்கே," என்றான் அல்போன்ஸ். "ஒரு பம்பு மாட்டினாப் போதும்."

முசே சிவப்பிரகாசம் நடந்தே சென்றார்.

கொட்டகை வாசலில் பக்கிரி தனியாக நின்றார். சற்று நேரம் கழித்துத் தையலம்மாளிடம் வந்தார். "எம்மா, எஞ்சினு இனிமே ஓடாது. மொதலாளி வயலும் பால் புடிச்ச கதிருதான். அவரு பண்ணதுக்கு பயிரு இன்னா பண்ணும்?"

தையலம்மாள் இரண்டு வயல்களையும் பார்த்தாள். நடுவில் இருந்த வரப்பு அவ்வளவு உயரமில்லை.

"ராத்திரி என் மடைய உங்க பக்கம் தொறந்து வுடறேன். தண்ணிக்கு அந்தாளே வந்து கேக்கணும்னு நெனைச்சேன். நீ கேட்டதே போதும்." சிறிது நகர்ந்தவள் திரும்பினாள். "ஆனா நாளையிலேருந்து கலியம்மாவோட எண்ணெ முழுசும் எனக்கு. வண்டி அச்சுக்கு நீ வேற எதையாவது பூசிக்க."

அவள் போய்த் தன் எஞ்சினைச் சுழற்றிவிட்டாள். அது இருமாமல் எடுத்துக்கொண்டது. ஆதிமூலம் அந்தி வெளிச்சத்தில் குடையை விரித்து, மிதிவண்டியின் பின்னால் ஏறி அமர்ந்தார்.

"இப்ப இன்னாத்துக்குக் கொட? சூரியனே போயிடுச்சி."

"புரியாதது ஒண்ணு இருக்கு, அல்போன்ஸ். அந்தப் பிரிகதியே நாளைக்குப் பதிவுல திருடன்னு யாரை எழுதுவார், பறிகுடுத்தவர்னு யாரை எழுதுவார்?"

மேற்குக் கொட்டகையின் புகைபோக்கி குளிர்ந்துவிட்டது. ஒற்றைக் காதுச் செவலை அதை ஒரு முறை முகர்ந்து பார்த்து, எழுந்து, வரப்பைத் தாண்டிக் கிழக்கே நடந்தது. மற்ற நாய்களும் பின்தொடர்ந்து வந்து, தையலம்மாளின் புகைபோக்கிக்கு எதிரே அதனதன் இடத்தில் அமர்ந்தன.